சிறுநீரில் இறங்கும் சர்க்கரை: ஒரு மரப்பட்டை மாத்திரையான கதை

அம்மாவின் பரிசோதனைத் தாளில் சிறுநீர்ச் சர்க்கரை என்ற வரிக்கு எதிரே நான்கு கூட்டல் குறிகள் இருந்தன. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர் அவர். ஒரு கூட்டல் வந்தாலே அந்த வாரம் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவார். நான்கைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. ஆனால் அதே தாளில் சற்று மேலே, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று இருந்தது. மூன்று மாதச் சராசரி 6.9. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது, சிறுநீரில் மட்டும் கொட்டுகிறது. அது எப்படி?

மூன்று மாதங்களுக்கு முன் மருத்துவர் புதிதாகச் சேர்த்த டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைதான் காரணம். அது வேலை செய்கிறது என்பதற்கு அந்த நான்கு குறிகளே சாட்சி. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்தார்கள். சுசுருதரின் நூல் இந்த நோயைத் தேன் போன்ற சிறுநீர் என்ற பொருளில் மதுமேகம் என்று அழைத்தது. இத்தனை காலம் நோயின் அடையாளமாக இருந்த ஒன்று இப்போது சிகிச்சையாக மாறியிருக்கிறது. ஒரு புதிய மருந்து எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த ஒரு மருந்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சிறுநீரகம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் ஒன்பது கேன். இதில் பெரும்பகுதியைச் சிறுநீரகமே திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. அந்த ஒன்பது கேன் திரவத்தோடு 160 முதல் 180 கிராம் குளுக்கோசும் வடிந்து வருகிறது. உடலுக்கு அது எரிபொருள். வீணாக்க மனமில்லாத வீட்டுக்காரரைப் போலச் சிறுநீரகம் அதைக் கடைசிக் கிராம் வரை மீட்டுவிடுகிறது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் சிறுநீரில் சர்க்கரை அநேகமாக இருக்காது.

மீட்கும் வேலையைச் செய்பவை சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரில் பதிந்திருக்கும் இரண்டு வகைப் புரதங்கள். குழாயின் தொடக்கத்தில் எஸ்ஜிஎல்டி2 இருக்கிறது. சற்றுத் தள்ளி எஸ்ஜிஎல்டி1. சோடியத்தையும் குளுக்கோசையும் ஜோடியாகப் பிடித்து உள்ளே இழுப்பதுதான் இரண்டுக்கும் தொழில். சுமார் 90 விழுக்காட்டை முதலாவது மீட்கிறது. தப்பி வருவதை இரண்டாவது பிடிக்கிறது. இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் இவை திணறத் தொடங்கும், மிச்சம் சிறுநீரில் வழியும். எறும்பு வருவது அப்போதுதான்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு விபரீதம் நடக்கிறது. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிகுந்திருக்கும்போது, அதை வெளியே விட வேண்டிய சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக மீட்டு உள்ளே அனுப்புகிறது. பஞ்சகாலத்துக்குப் பழகிய உறுப்பு, வெள்ளத்திலும் தண்ணீரைச் சேமிக்கிறது.

அப்படியானால் எஸ்ஜிஎல்டி2 என்ற அந்த வாயிலை மட்டும் அடைத்தால் என்ன? இன்சுலின் சுரக்கும் கணையத்தைத் தொட வேண்டாம், கல்லீரலைத் தொட வேண்டாம், மிகுதியான சர்க்கரை தானாக வெளியேறிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. இந்த எண்ணத்தைச் செயலாக்கும் பொருள் மனிதர்கள் கையில் எவ்வளவு காலமாக இருந்தது தெரியுமா? 1835லிருந்து.

அந்த ஆண்டு தெ கோனின்க், ஸ்டாஸ் என்ற இரு பெல்ஜிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்க மொழியில் பட்டை, வேர் என்ற இரு சொற்களைச் சேர்த்து அதற்கு ஃப்ளோரிசின் என்று பெயர் வந்தது. சிங்கோனாப் பட்டையும் கசப்பு, அதிலிருந்துதான் மலேரியாவுக்குக் குயினைன் கிடைத்தது. எனவே இதுவும் காய்ச்சலைத் தணிக்கலாம் என்று எதிர்பார்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் அப்படியே ஓடின. 1886இல் ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஃபான் மேரிங், ஃப்ளோரிசின் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1889இல், இதே மேரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஸ்ட்ராஸ்பர்கில் ஒரு நாயின் கணையத்தை அகற்றி, அதற்குச் சர்க்கரை நோய் வந்ததைக் காட்டினார்கள். இன்சுலினை நோக்கிய பாதை அங்கேதான் திறந்தது. நோயின் வேரைக் கண்ட அதே கைகளில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதன் எதிர்கால மருந்து ஒன்றும் தவழ்ந்திருக்கிறது. அன்று அதை மருந்தாகப் பார்க்க வழியில்லை. சிறுநீரில் சர்க்கரை போவதையே நோய் என்று நினைத்த காலம். அதை வேண்டுமென்றே வரவழைக்க யாருக்குத் தோன்றும்?

அடுத்த நூறு ஆண்டுகள் ஃப்ளோரிசின் ஆய்வுக்கூடக் கருவியாகவே இருந்தது. சிறுநீரகம் சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்று அறிவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். திருப்பம் 1987இல் வந்தது. ரொஸெட்டி, டிஃப்ரோன்சோ ஆகியோரின் குழு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஃப்ளோரிசின் கொடுத்தது. இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதோடு, மரத்துப் போயிருந்த திசுக்கள் இன்சுலினின் பேச்சை மறுபடி கேட்கத் தொடங்கின. உயர்ந்த சர்க்கரை என்பது நோயின் விளைவு மட்டுமன்று, நோயை இன்னும் வளர்க்கும் நஞ்சும்கூட என்பதற்கு அது வலுவான சான்று.

இன்னொரு சான்று இயற்கையிலேயே கிடைத்தது. எஸ்ஜிஎல்டி2 புரதத்துக்கான மரபணு பழுதோடு பிறக்கும் மனிதர்கள் அரிதாக உண்டு. அவர்களில் சிலருக்கு ஒரு நாளில் நூறு கிராமுக்கு மேலும் சர்க்கரை சிறுநீரில் போகும். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுகிறார்கள். புதிய மருந்து தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்க முடியாது. ஒரு புரதத்தை முடக்கினால் மனிதருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, சோதனைக்கு முன்பே விடை நடமாடிக்கொண்டிருக்கிறது. அடைக்க வேண்டிய அந்தப் புரதத்தை மருந்தியலார் இலக்கு என்று அழைக்கிறார்கள். சரியான இலக்கைப் பிடிப்பது மருந்து ஆராய்ச்சியில் பாதிக் கிணறு.

மீதிப் பாதிக் கிணற்றைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். மூலிகைகளைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

ஃப்ளோரிசின் வேலை செய்கிறது. எலியில் செய்கிறது, நாயில் செய்கிறது, மனிதரிலும் செய்கிறது. அப்படியே பட்டையை அரைத்து மாத்திரையாக்கிக் கொடுத்திருக்கலாமே? முடியாது. அந்த மூலக்கூறில் ஒரு பக்கம் குளுக்கோஸ், மறுபக்கம் ஃப்ளோரெடின் என்ற துண்டு, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஓர் ஆக்சிஜன் அணு. புரதத்தை ஏமாற்றுவது குளுக்கோஸ் பக்கம்தான். எஸ்ஜிஎல்டி2 அதை உண்மைச் சர்க்கரை என்று நினைத்துப் பிடிக்கும், பின்னால் ஒட்டியிருக்கும் துண்டு வாயிலில் சிக்கிக்கொள்ளும். ஆனால் விழுங்கிய ஃப்ளோரிசின் சிறுநீரகம் வரை போய்ச் சேர வேண்டுமே. நம் சிறுகுடலில் பாலின் சர்க்கரையை வெட்டிச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அந்த நொதிக்கு ஃப்ளோரிசினின் ஆக்சிஜன் பிணைப்பும் தீனி. குடலிலேயே வெட்டிப் போட்டுவிடும். வெட்டுப்பட்ட ஃப்ளோரெடின் துண்டோ உடலின் மற்றத் திசுக்களுக்குச் சர்க்கரை கொண்டுபோகும் வேறு வாயில்களில் குறுக்கிடக்கூடியது. வெட்டுப்படாமல் தப்பிய பகுதிக்கும் ஒரு குறை உண்டு. அது எஸ்ஜிஎல்டி2ஐயும் எஸ்ஜிஎல்டி1ஐயும் வேறுபாடு பார்க்காமல் அடைக்கும். எஸ்ஜிஎல்டி1 குடலிலும் இருக்கிறது. அதை அடைத்தால் உணவின் சர்க்கரை குடலிலேயே தங்கி வயிற்றுப்போக்கு உண்டாகும்.

ஆக, வேலை செய்யும் ஒரு பொருள் மருந்தாக ஆவதற்குக் குறைந்தது மூன்று திருத்தங்கள் தேவைப்பட்டன. குடலைத் தாண்ட வேண்டும், சரியான வாயிலை மட்டும் அடைக்க வேண்டும், ஒரு வேளை மாத்திரையில் ஒரு நாள் முழுவதும் நிற்க வேண்டும்.

முதலில் இறங்கியது ஜப்பானின் தனபே நிறுவனம். ஆக்சிஜன் பிணைப்பை வைத்துக்கொண்டே மூலக்கூறின்மேல் ஒரு மறைப்பைப் பூட்டி, குடலைக் கடந்தபின் அது கழன்று விழும்படி டி-1095 என்ற சேர்மத்தைச் செய்தார்கள். மனிதச் சோதனை வரை போய் அது நின்றுவிட்டது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. மூலச்சிக்கல் அந்த ஆக்சிஜன்தான் என்றால், அதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்து வேதியியலாளர்கள் ஆக்சிஜனை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் வளையத்தை அடுத்த துண்டின் கார்பனோடு நேராக இணைத்தார்கள். கார்பன்-கார்பன் பிணைப்பை வெட்டும் பல் லாக்டேசுக்கு இல்லை. பிறகு மறுபக்கத் துண்டில் அணுக்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு குளோரினை இங்கே வைத்தால் என்ன, ஓர் எத்தாக்சித் தொகுதியை அங்கே வைத்தால் என்ன என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, எஸ்ஜிஎல்டி2 தாங்கிய செல்களில் ஊற்றி, சர்க்கரை உள்ளே போவது எவ்வளவு குறைகிறது என்று அளந்து, தேறியதை எலிக்குக் கொடுத்து, எலியின் சிறுநீரை அளந்து. நாம் பூட்டுக்கடையில் சாவி செதுக்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, ஒரு தேய்ப்பு, ஒரு சோதிப்பு, மறுபடி ஒரு தேய்ப்பு, அதே பொறுமை. 2008இல் அவர்கள் வெளியிட்ட டாபாக்ளிஃப்ளோசின், எஸ்ஜிஎல்டி1ஐ விட எஸ்ஜிஎல்டி2ஐ ஆயிரம் மடங்குக்கும் மேல் விரும்பிப் பிடித்தது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். அதனால்தான் நாளுக்கு ஒரே மாத்திரை, வெறும் 10 மில்லிகிராம்.

இங்கே ஓர் அழகு இருக்கிறது. எஸ்ஜிஎல்டி2ஐ முழுக்க அடைத்தாலும் பின்னால் நிற்கும் எஸ்ஜிஎல்டி1 தன்னால் இயன்றதைப் பிடித்துவிடுகிறது. அதனால் நாளொன்றுக்கு வெளியேறுவது 60, 70 கிராம் அளவுதான். இரத்தச் சர்க்கரை இறங்கினால் வடிந்து வருவதும் குறையும், அதை இரண்டாவது வாயிலே சமாளித்துவிடும். இந்த மருந்தைத் தனியாக எடுத்தால் தாழ்சர்க்கரை மயக்கம் அரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ கூட இருந்தால் கணக்கு வேறு, அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

மூலக்கூறு கிடைத்ததும் மருந்து கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. சில பத்துப் பேரிடம் பாதுகாப்பு, சில நூறு பேரிடம் அளவு, பல ஆயிரம் பேரிடம் பலன் என்று மனிதச் சோதனை மூன்று கட்டமாக நடக்கும். இந்தப் படிகளில் பெரும்பாலான சேர்மங்கள் விழுந்துவிடுகின்றன. டாபாக்ளிஃப்ளோசினும் தடுக்கியது. சோதனையில் சிறுநீர்ப்பை, மார்பகப் புற்றுநோய்கள் மருந்து எடுத்தவர்களிடம் எண்ணிக்கையில் கூடுதலாகத் தெரிந்ததால், 2012 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. ஐரோப்பா அதே ஆண்டு நவம்பரில் அனுமதித்தது. அமெரிக்காவில் முந்திக்கொண்டது 2013இல் வந்த கனாக்ளிஃப்ளோசின். டாபாக்ளிஃப்ளோசினுக்கு அங்கே 2014 ஜனவரியில்தான் கதவு திறந்தது. பின்னாளில் 17,160 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் அந்தப் புற்றுநோய் அச்சம் உறுதிப்படவில்லை. ஆனாலும் அன்று தயங்கியது சரியே என்பது என் எண்ணம். சர்க்கரை மாத்திரையை ஒருவர் முப்பது ஆண்டுகள் விழுங்குகிறார். சந்தேகத்தின் பலன் மாத்திரைக்குப் போகக் கூடாது, மனிதருக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தயக்கத்துக்கு முன்கதையும் உண்டு. டிராக்ளிடசோன் என்ற சர்க்கரை மருந்து கல்லீரலைச் சிதைத்ததால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2007இல் ரோசிக்ளிடசோன் மாரடைப்பைக் கூட்டுகிறதா என்ற பெரும் கேள்வி எழுந்தது. சர்க்கரை இறங்கினால் போதும் என்ற காலம் அத்தோடு முடிந்தது. புதிய சர்க்கரை மருந்து எதுவும் இதயத்தைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என 2008இல் அமெரிக்க நிர்வாகம் கேட்கத் தொடங்கியது.

தீங்கில்லை என்று காட்டத்தான் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற இதே குடும்பத்து மருந்தை, இதயநோயும் சர்க்கரை நோயும் சேர்ந்த 7,020 பேரிடம் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதய, இரத்தநாள நோயால் நேரும் மரணம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். சுமார் மூன்று ஆண்டுகளில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேர் அவ்வாறு இறந்தார்கள், மருந்து எடுத்த நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேர். நூற்றுக்கு இரண்டு உயிர். விளம்பரம் 38 என்று சொல்லும், நாம் இரண்டு என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த இரண்டே பெரிய எண்தான். சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் கணக்கிடப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

அடுத்து 2019இல், இதயம் பலவீனமான 4,744 பேரிடம் டாபாக்ளிஃப்ளோசின் சோதிக்கப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே இல்லை. அவர்களுக்கும் பலன் கிடைத்தது. 2020இல் சிறுநீரக நோயாளிகளிடமும் அதேதான். இந்த மருந்து இதயத்தை எப்படிக் காக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓயவில்லை. சிறுநீரகத்தைக் காக்கும் விதம் ஓரளவு விளங்குகிறது: மீட்கப்படாத சோடியம் குழாயில் கீழே வருவதை உணர்ந்ததும், வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம் சற்றே சுருங்குகிறது. பல ஆண்டுகளாக அதிக அழுத்தத்தில் அடிவாங்கிய வடிகட்டிக்கு இளைப்பாறுதல் கிடைக்கிறது.

நம் ஊரில் இந்தக் குடும்பம் பரவலானதற்கு இன்னொரு காரணம் காப்புரிமை. இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசினைக் காத்த முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் தயாரிக்கத் தொடங்கின, விலை வெகுவாக இறங்கியது. அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் அது வந்தது அந்த வழியில்தான்.

இதைப் படிக்கும் சிலருக்கு ஆவாரம்பூவும் நாவல்கொட்டையும் நினைவுக்கு வந்திருக்கும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை நாக்கில் வைத்தால் இனிக்காது. அதில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்வைச் சிறிது நேரம் மறைத்துவிடுகின்றன. இலையில் ஏதோ ஒரு திறமை இருக்கிறது என்பது மெய். மூலிகையை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆப்பிள் பட்டையிலிருந்து வந்த மருந்தைத்தான் இவ்வளவு நேரம் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். ஆனால் எந்த மூலக்கூறு, எந்தப் புரதம், குடலைத் தாண்டுமா, எவ்வளவு நேரம் நிற்கும், வேறெதைத் தொடும், பல ஆயிரம் பேரிடம் பல ஆண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளைப் பட்டை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தது. கசாயக் குறிப்பை அனுப்பி, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்டுவிட்டு அனுப்பினால் நன்றாக இருக்கும். இன்சுலினை நிறுத்திவிட்டு மயக்க நிலையில் மருத்துவமனைக்கு வந்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த மாத்திரைக்கும் தீமைகள் உண்டு. சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பெண்களுக்குக் கூடுதலாக வரும், சொல்லக் கூச்சப்பட்டு முற்ற விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் மிகுந்து நீரிழப்பும் தலைச்சுற்றலும் நேரலாம். அரிதானாலும் ஆபத்தானது கீட்டோன் நச்சு. சாப்பிடாமல் கிடக்கும்போது உடல் கொழுப்பை எரிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன்கள் மிகுந்து இரத்தம் அமிலமாகிவிடும். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறி எச்சரிக்கும். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டே இருப்பதால் வீட்டுக் கருவி நல்ல எண்ணையே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஒருவர் துவண்டு கிடக்க, கருவியோ 160 என்று சொல்லும், வீட்டார் ஏமாந்துவிடுவார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல்வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு இதைப் பொதுவாகக் கொடுக்காததும் இதனால்தான்.

அம்மாவுக்கு நான்கு குறிகளின் பொருளை விளக்கியபோது, ஆப்பிள் மரத்தையும் நாயையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார். “வாந்தி, பட்டினி, ஆபரேஷன் என்றால் இது வேண்டாம். டாக்டருக்குப் போன் செய்.” கீழே என் எண்ணும் மருத்துவரின் எண்ணும். ஏகாதசிக்கு விரதம் இருக்கலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறார்.